கைக்குழந்தையோடு பெங்களூரில் ஒரு விடுமுறை நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பிறந்து எத்தனை நாள் கழித்து வெளியே அழைத்துச் செல்லலாம்?

நிறைமாதத்தில் பிறந்து, நல்ல எடையுடன் இருக்கும் குழந்தையைத் திறந்தவெளிக் காற்றுக்கு எடுத்துச் செல்ல மருத்துவத் தடை எதுவும் இல்லை. தடுப்பூசி போடுவதற்காக 6ஆவது வாரத்தில் எப்படியும் வெளியே கிளம்பத்தான் போகிறோம். அஞ்ச வேண்டியது வெளிக்காற்றுக்கு அல்ல, மூடிய இடத்தில் கூடும் கூட்டத்துக்கு. கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. அந்த மூன்று தவணைகளும் முடியும்வரை மால், கல்யாண மண்டபம், நெரிசல் நேர மெட்ரோ ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, மரநிழல் உள்ள பூங்காவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தட்டம்மைக்கான முதல் ஊசி 9 மாதம் நிறைந்த பிறகுதான் போடப்படுகிறது என்பதால், ஊரில் அம்மை பரவுவதாகச் செய்தி வந்தால் அதுவரை இன்னும் சற்று எச்சரிக்கை தேவை.

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி 40 நாள் கழியாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்று சொன்னால் வாதாட வேண்டியதில்லை. அவர் சொல்லும் கணக்கும் முதல் பென்டா ஊசி போடும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் பாட்டியையும் என்னையும் விட்டுவிட்டு உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நாளில் எத்தனை இடங்களுக்குப் போகலாம்?

ஓர் இடம் போதும். வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கும் காப்பகத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், கிடைத்த ஒரு விடுமுறையில் காலையில் லால்பாக், மதியம் சர்ச் ஸ்ட்ரீட், மாலையில் ஒரு மால் என்று திட்டம் போடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் மூன்று மாதக் குழந்தை ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்காது. ஆறு மாதக் குழந்தை இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலே கண்ணைக் கசக்கத் தொடங்கிவிடும். ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ நகரின் நடுப்பகுதிக்கு வந்து சேரவே ஒரு விழிப்பு நேரம் முழுவதும் செலவாகிவிடுகிறது. ஆகவே நாளை இடங்களால் அளக்காமல், குழந்தையின் தூக்கத்தால் அளக்க வேண்டும்: ஒரு தூக்கத்தில் போய்ச் சேர்வது, ஒரு விழிப்பில் அங்கே இருப்பது, அடுத்த தூக்கத்தில் திரும்புவது. இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் அதற்கான விலையை மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்த நேரத்தில் கிளம்புவது?

காலையில், முடிந்தால் ஏழரை மணிக்குள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூரின் காலைப்பொழுது ஏப்ரல் மாதத்தில்கூட இதமாகவே இருக்கும். ஆனால் பதினோரு மணிக்கு மேல் வெயில் சென்னையை நினைவூட்டும். மே மாதத்திலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் பிற்பகல் மழை திடீரென்று கொட்டும், கொட்டிய அரை மணி நேரத்தில் சாலைகள் நின்றுவிடும். மதியம் இரண்டு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் வெயில், மழை, மாலை நெரிசல் ஆகிய மூன்றிலிருந்தும் தப்பலாம். டிசம்பர், ஜனவரியில் மட்டும் காலைக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் ஒன்பது மணிவரை பொறுத்துவிட்டு, குல்லாவும் காலுறையும் போட்டு அழைத்துச் செல்லலாம்.

கப்பன் பூங்காவா, லால்பாக்கா?

இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒரே மாதிரியானவை அல்ல. எந்த மெட்ரோ பாதை உங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதும், குழந்தை உட்கார்ந்துவிட்டதா இல்லையா என்பதும் இதைத் தீர்மானிக்கட்டும்.

1870இல் உருவாக்கப்பட்ட கப்பன் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே நுழையலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் உள்சாலைகளில் வண்டிகளை அனுமதிப்பதும் இல்லை. இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுக்காகவே ஞாயிறு காலையில் இங்கே வரலாம். தள்ளுவண்டியைத் தார்ச்சாலையில் நடுவாகத் தள்ளிக்கொண்டு போகும் வாய்ப்பு இந்த ஊரில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மத்திய நூலகத்தின் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றியும், மூங்கில் புதர்களின் பக்கமும் நிழல் அடர்த்தியாக இருக்கும். இன்னும் உட்காராத குழந்தைக்கு இதைவிடப் பெரிய காட்சி தேவையில்லை. ஒரு பாயை விரித்து மல்லாக்கக் கிடத்தினால், இலைகளுக்கு நடுவே வெளிச்சம் அசைவதை அது கைகால்களை உதைத்துக்கொண்டு பதினைந்து நிமிடமாவது பார்த்துக்கொண்டிருக்கும். பாய் விரிக்கும் முன் எறும்புப் புற்று இருக்கிறதா என்று தரையைக் காலால் தட்டிப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் காய்கள் கீழே கிடந்தால் பொறுக்கி அப்பால் போடுங்கள், ஏனென்றால் தவழத் தொடங்கிய குழந்தை முதலில் வாயில் வைப்பது அதைத்தான். நாய்களை அழைத்து வருவோர் இங்கே ஏராளம். பெரும்பாலோர் கயிறு கட்டித்தான் கூட்டி வருகிறார்கள். ஆனாலும் தரையில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னசாமி மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளில் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள்.

லால்பாக் 240 ஏக்கர். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 1889இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறை, ஏரி என்று பெரியவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய உண்டு. பெரியவர்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், கட்டணம் அதிகமில்லை. நடைபாதைகள் சீராக இருப்பதால் தள்ளுவண்டி நன்றாக ஓடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் உள்ளே ஓடும் பேட்டரி வண்டியில் சுற்றி வரலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு மேற்கு வாசல்தான் பக்கம். உள்ளே நுழைந்ததும் ஏரிக்கரை வந்துவிடும், கண்ணாடி மாளிகைக்கு அங்கிருந்து சற்று நடக்க வேண்டும். பாறைமீது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிழலே இல்லாத வழுக்குச் சரிவு அது, அங்கிருந்து பார்க்கும் காட்சி இன்னும் நான்கு ஆண்டுகள் கழித்தும் அப்படியேதான் இருக்கும். குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சி நாட்களில் கைக்குழந்தையோடு வர வேண்டாம். பூவைவிடத் தலைகளே அதிகம் தெரியும்.

தாத்தா பாட்டியும் உடன் வந்தால்?

அல்சூர் பக்கம் போகலாம். மெட்ரோவின் பர்ப்பிள் பாதையில் அல்சூர் நிலையத்தில் இறங்கினால் சோமேசுவரர் கோயில் அருகிலேயே இருக்கிறது. பழைய கல் மண்டபம் காலையில் குளுமையாக இருக்கும், பாட்டி தரிசனம் முடித்து வரும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்காரலாம். இந்தப் பகுதியில் பூக்காரரிடமும் தேநீர்க் கடையிலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்பது ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். தமிழ்ச் சங்கமும் அல்சூர் ஏரியின் பக்கத்தில்தான் உள்ளது. பதினெட்டு ஆண்டுகள் துணி சுற்றிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தாத்தாவும் கேட்பார். அதுவும் அங்கேயே இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. பிரசாதமாகத் தரப்படும் பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் ஒரு துளிகூட நாக்கில் வைக்கக் கூடாது, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி அந்த வயதுக் குடலில் நச்சை உண்டாக்கும். கோயிலுக்குள் நுழையும் முன்பே பாட்டியிடம் இதைச் சொல்லிவிடுவது உத்தமம். கையில் வாங்கிய பிறகு சொன்னால் அவர் மனம் நோகும். மற்றொன்று கண் மை. திருஷ்டிக்காகக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு கரும்பொட்டு வைப்பதில் குற்றமில்லை, கண்ணுக்குள் தீட்டுவதுதான் வேண்டாம். ஏரிக்கரையில் காலை நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், பொழுது சாய்ந்தால் கொசு மொய்த்துவிடும்.

மெட்ரோவில் கைக்குழந்தையோடு போவது எளிதா?

பெங்களூரில் குழந்தையோடு பயணம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை, நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால். ஒயிட்ஃபீல்டிலிருந்து கப்பன் பார்க் நிலையத்துக்குப் பர்ப்பிள் பாதையில் மாறாமல் வந்துவிடலாம். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை ஒரு வரம்: ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைப் பாதைக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் லால்பாக். பச்சைப் பாதையிலிருந்து பர்ப்பிளுக்கு மாற வேண்டுமானால் மெஜஸ்டிக்கில்தான் மாற வேண்டும். அங்கே எந்த நாளிலும் கூட்டம் இருக்கும், படிகளும் அதிகம். அந்த மாற்றத்தைத் தவிர்க்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிலையங்களில் மின்தூக்கி உண்டு, தள்ளுவண்டியோடு நகரும் படிக்கட்டில் ஏறவே கூடாது. பாதுகாப்புச் சோதனையில் பையை எந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே சோதனைக்கு நிற்கலாம். மடியில் இருக்கும் குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். கைக்குழந்தையைக் கண்டால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் தயங்காமல் கேளுங்கள். சுரங்கப்பாதைக்குள் இரைச்சல் கூடும்போது சில குழந்தைகள் மிரளும், அப்போது காதோரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தால் அடங்கிவிடும்.

தள்ளுவண்டி எடுத்துச் செல்வதா, மாரோடு கட்டிக்கொள்ளும் பையா?

பூங்காவுக்குள்ளும் மாலுக்குள்ளும் தள்ளுவண்டி; சாலையில் இறங்கினால் மார்புப் பை. பெங்களூரின் நடைபாதை எப்படிப்பட்டது என்பதை இங்கே ஒரு வாரம் நடந்தவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை: ஒரு பலகைக் கல் மேலே, ஒன்று கீழே, நடுவில் மின்மாற்றி, அதை ஒட்டி ஒரு ஸ்கூட்டர். விதிவிலக்காக, டெண்டர்ஷூர் திட்டத்தில் மறுசீரமைத்த ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, விட்டல் மல்லையா ரோடு, மியூசியம் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு ஆகியவற்றில் நடைபாதை அகலமாக இருக்கிறது, வண்டி ஓடும். சர்ச் ஸ்ட்ரீட்டில் பதித்துள்ள கற்கள் பார்க்க அழகுதான். ஆனால் சின்னச் சக்கரம் அவற்றின்மேல் கடகடவென்று அதிரும், தூங்கிய குழந்தை விழித்துக்கொள்ளும்.

மார்புப் பையைக் கட்டியதும் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். நீங்கள் குனிந்தால் குழந்தையின் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். முகம் துணிக்குள் புதையாமல் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டிவிடாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், ஒட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்திருப்பது போல அமைந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. உள்நோக்கிக் கட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: கன்னத்தைக் கிள்ள நீளும் முன்பின் தெரியாத கைகளிடமிருந்து குழந்தை தப்பும். அப்படியும் கை நீண்டால், "மகு மலகிதெ", அதாவது குழந்தை தூங்குகிறது என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வெயிலுக்காகத் தள்ளுவண்டியின் வாயைத் துணியால் மூடுவது பரவலான பழக்கம். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடுகிறது. வண்டியை நிழலுக்கு நகர்த்துவதே சரி.

ஆட்டோ, கார், இருசக்கர வண்டி: எது பாதுகாப்பு?

இருசக்கர வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசமும் வேண்டும். 9 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை என்பதன் பொருள், அந்தக் கழுத்து அதன் எடையைத் தாங்காது என்பதே. அப்படிப்பட்ட குழந்தையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் போவது அன்றாடக் காட்சியாகிவிட்டது என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது.

சொந்தக் கார் என்றால் பின்னிருக்கையில் பின்நோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை வாங்கிவிடுங்கள், காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுவது, போடாததைவிட ஆபத்து. மோதலின்போது பெரியவரின் எடை முழுவதும் குழந்தைமீது விழும். வாடகைக் கார்களில் இந்த இருக்கை பெரும்பாலும் இருக்காது. பெல்ட்டால் கட்டக்கூடிய, கைப்பிடி உள்ள சிறிய இருக்கை கைவசம் இருந்தால் அங்கேயும் பயன்படும்.

மெட்ரோ நிலையத்திலிருந்து வீடுவரை ஆட்டோவில் போகலாம். இருக்கையின் நடுவில், முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, குழந்தையை உள்நோக்கி அணைத்து, பின்னந்தலையை உள்ளங்கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போதே "நிதானவாகி ஹோகி" என்று சொல்லிவிட்டால் வேகத்தடைகளில் ஓட்டுநரே மெதுவாக விடுவார்.

பேருந்து?

ஞாயிறு காலையில், குறைந்த தூரத்துக்குப் போகலாம். 2023 ஜூன் 11 முதல் நடக்கும் சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரி உள்ள ஆதார் போன்ற அடையாள அட்டையைக் காட்டும் பெண்களுக்குச் சாதாரணப் பி.எம்.டி.சி. மாநகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. தாய்மொழியை யாரும் கேட்பதில்லை. குளிர்சாதனப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது.

வெளியிடத்தில் தாய்ப்பால் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறதே?

தயக்கம் இயல்புதான். பழகும்வரை சில வசதிகளைச் செய்துகொண்டால் போதும். முன்பக்கம் திறக்கும் குர்தாவோ, அதற்கென்றே தைத்த சட்டையோ, அகலமான பருத்தித் துப்பட்டாவோ இருந்தால் கப்பன் பூங்காவின் எந்த சிமென்ட் பெஞ்சும் போதுமானது. மரத்துக்கு முதுகு காட்டி, நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் பார்த்து உட்காருங்கள். கணவர் முன்னால் நின்று காவல் காக்கத் தேவையில்லை, அதுதான் எல்லோர் கண்ணையும் இழுக்கும். சேலைதான் வழக்கம் என்றால் முந்தானையைவிடச் சிறந்த மறைப்பு எந்தக் கடையிலும் விற்கவில்லை. பெரிய மால்களில் கழிப்பறைகளை ஒட்டிப் பால் கொடுக்கும் அறை இருக்கும்; காவலரிடம் கேட்டால் காட்டுவார். கழிப்பறைக்குள்ளேயே போய்க் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே உட்கார்ந்து நாம் சாப்பிடுவதில்லை.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். நாக்கு வறண்டுவிடும் என்று பாட்டி கவலைப்பட்டால், வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாகப் பால் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்தான்.

புட்டிப்பாலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

பிழிந்தெடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறைவெப்பத்தில் 4 மணி நேரம் கெடாது. பனிக்கட்டிப் பொதி வைத்த காப்புப் பையில் 24 மணி நேரம் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் காப்புப் பை இல்லாமல் கிளம்ப வேண்டாம். பவுடர் பாலைக் கரைத்து எடுத்துச் செல்வதைவிட, கொதித்த நீரை ஃப்ளாஸ்க்கிலும், அளந்த பவுடரைத் தனி டப்பாவிலும் கொண்டுபோய் அவ்வப்போது கரைப்பதே நல்லது. கரைக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கரைத்த பால் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை வாய்வைத்த மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீந்துவிட்டதே என்று எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு ஹோட்டலில் என்ன கொடுக்கலாம்?

சூடான இட்லி. நடுப்பகுதியைப் பிய்த்து, கொண்டுவந்த தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய நீரிலோ பிசைந்தால் முடிந்தது. சட்னியும் சாம்பாரும் உப்பும் காரமும் சேர்ந்தவை, ஒரு வயது ஆகட்டும். பெங்களூர்ச் சாம்பாரில் வெல்லத்தின் கை வேறு தாராளம். தள்ளுவண்டியில் விற்கும் ஏலக்கி வாழைப்பழம் குழந்தையின் கைக்கு அளவெடுத்தது போல இருக்கும், உரித்த கையோடு மசித்துக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து ராகிக் கஞ்சி எடுத்து வந்தால் அதையும் சூடு ஆறாத பாத்திரத்தில் வைத்து, காலை உணவோடு தீர்த்துவிடுங்கள்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது ருசியைவிட இருக்கையைப் பாருங்கள். தர்ஷினிகளில் காபியும் இட்லியும் அருமையாக இருக்கும். ஆனால் நின்றுகொண்டே சாப்பிடும் உயர மேசையில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கொதிக்கும் காபியுமாக நிற்பது சுட்டுக்கொள்ளும் வழி. உட்கார்ந்து சாப்பிடும் பழைய ஹோட்டல்களுக்குப் போகலாம். 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். லால்பாக் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் விடுமுறைக் காலையில் அங்கே காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் ஒரு விழிப்பு முடிந்துவிடும். ஒருவர் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, மற்றவர் பூங்காவிலேயே குழந்தையோடு இருந்தால் சமாளிக்கலாம்.

அப்பா மட்டும் தனியாக அழைத்துச் செல்ல முடியுமா?

முடியும், அழைத்துச் செல்லவும் வேண்டும். விடுமுறை நாளில் அம்மாவுக்கு மூன்று மணி நேரம் தடையற்ற தூக்கம் கிடைப்பதைவிடப் பயனுள்ள சுற்றுலா இல்லை. நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான்: டயப்பர் மாற்றும் மேசை பல இடங்களில் பெண்கள் கழிப்பறைக்குள் மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கட்டியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மடக்கக்கூடிய ஒரு ரப்பர் விரிப்பு பையில் இருந்தால் பூங்கா பெஞ்சோ, காரின் பின்னிருக்கையோ, தள்ளுவண்டியைச் சாய்த்த படுக்கையோ மேசையாகிவிடும். பழைய டயப்பரை அவிழ்க்கும் முன் புதியதை அடியில் விரித்துவிடுங்கள். ஆண்குழந்தை என்றால் மேலே ஒரு துண்டைப் போடுங்கள், காரணம் முதல் முறையே தெரிந்துவிடும். பயன்படுத்திய டயப்பரை மூடிய உறையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். புதரடியில் வீசினால் தெருநாய் கிழித்து இழுத்துவிடும்.

வெயிலுக்கும் கொசுவுக்கும் என்ன பூசலாம்?

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் களிம்பு வேண்டாம், நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் விளிம்பு வைத்த தொப்பியும் போதும். டெங்கு பரவும் மழைக்காலத்தில் கொசுவைத் தடுப்பது முக்கியம். ஆனால் டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பை 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பூசக் கூடாது, எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயை மூன்று வயதுவரை தொடவே கூடாது. தள்ளுவண்டிக்கு ஒரு கொசுவலை வாங்கிவிடுவதே எளிய வழி. டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் காலை நேரம்தானே என்று வலையை மடித்து வைத்துவிட வேண்டாம்.

மாலும் சினிமாவும்?

மழை நாளில் மால் கைகொடுக்கும், காலையில் கடைகள் திறக்கும் நேரத்தில் போனால் காலியாக இருக்கும். குளிர்சாதனத்துக்காக ஒரு மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள். சினிமா வேண்டாம், அந்த ஒலியளவு குழந்தையின் காதுக்கு ஆகாது.

பூங்காவே அலுத்துவிட்டது, பெரியவர்களுக்கும் மனத்துக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்ல முடியுமா?

அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம். 2009 முதல் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. மார்புப் பையில் குழந்தை தூங்கத் தொடங்கிய பிறகு உள்ளே நுழையுங்கள். அமைதியான அறைகளில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும் அசைவில் அது முக்கால் மணி நேரம் எழாது. பிள்ளை பெற்ற பிறகு எதையாவது முழுதாகப் பார்த்தோம் என்ற உணர்வு இங்கே கிடைக்கும். எழுந்து அழுதால் வெளியே மரங்கள் அடர்ந்த தோட்டம் உண்டு. கோளரங்கமும் கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகமும் பள்ளிக்குப் போகும் வயதுக்கு உரியவை. திடீரென்று இருளும் அரங்கில் கைக்குழந்தை வீறிட்டு அழும்.

வெளியே போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால்?

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, மற்றபடி நன்றாகத் தோன்றினாலும், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூத்த குழந்தையானாலும் பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காவிட்டாலோ அதே அவசரம்தான். நகரத்தில் குழந்தைகளுக்கான அரசு சிகிச்சைக்கு ஜெயநகர்ப் பக்கம் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும், கே.ஆர். மார்க்கெட் அருகே வாணி விலாஸ் மருத்துவமனையும் உள்ளன. ஆம்புலன்சுக்கு 108. காய்ச்சல் இல்லாமல் மாலையில் வெறுமனே சிணுங்கிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அது பகல் தூக்கம் கெட்டதன் விளைவு. விளக்கைக் குறைத்து, குளிப்பாட்டி, தூளியில் போட்டால் சரியாகும்.

நந்தி மலைக்கோ பன்னேருகட்டாவுக்கோ போகலாமா?

நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். விடியற்காலைக் குளிர், கொண்டை ஊசி வளைவுகள், கீழிருந்தே நிற்கும் வண்டி வரிசை, எல்லாவற்றுக்கும் மேல் போகவர மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பயணம். ஒரு வயதுக்குள் வேண்டாம். பன்னேருகட்டா உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. யானையைச் சுட்டிக்காட்டினால் திரும்பிப் பார்க்கும் வயது, பெரும்பாலும் ஒன்றேகால் வயது, வந்த பிறகு போனால் செலவழித்த பணம் வீணாகாது.